கிளிப் பேப்பர் சுற்றிய பொதி

என் வீட்டுக்காரருக்கு மைக் தேவையில்லை. மின்சார ஆபீஸில் லைன்மேனாக இருந்தவர். ஒரு கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு அடுத்த கம்பத்தில் நிற்பவனோடு பேசிப் பேசி முறுக்கேறிய தொண்டை. அவர் ஓய்வு பெற்றும் அது ஓய்வு பெறவில்லை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி உப்புப் பரணியைத் தேடுவாள். அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அது அவருடைய வயிறு.

எங்கள் ஊர் பாறசாலைக்குத் தெற்கே, சத்தம் போட்டால் மாநில எல்லைக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. அவர் போட்டால் எல்லையைத் தாண்டியும் கேட்கும். அதனால்தான் எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஆளாளுக்கு வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேவல், தேங்காய் என்று விளைந்ததையும் வளர்த்ததையும் கொண்டுவந்து ஆராதனையில் படைப்பார்கள். பிறகு பந்தலில் வைத்து ஏலம். படைத்த பொருளை யாரும் திரும்ப எடுத்துக்கொண்டு போகக் கூடாது. கொண்டுவந்தவனுக்கே அது வேண்டுமென்றாலும் ஏலத்தில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தப்பித் தவறித் தன் குடையைக் குலைகளோடு வைத்துவிட்ட ஒருவர், அதைப் புதுக்குடை விலைக்கு ஏலத்தில் எடுத்த கதையெல்லாம் எங்கள் சபையில் உண்டு.

ஏலத்தின் கடைசியில்தான் பெரிய வேடிக்கை. மூடின பொதி. வீட்டுக்கொரு பொதி, பளபளப்பான பேப்பர் சுற்றி வரும். உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. ஏலம் எடுத்தவர் மேடையிலேயே எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும். உள்ளே கேக்கும் இருக்கும், வெறும் செங்கல்லும் இருக்கும்.

இவருக்கு முன்னால் ஏலம் போட்டவர் இவருடைய அண்ணன். அவருக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. மூலம் என்றார். யாரும் மறுக்கவில்லை, ஏனென்றால் யாரிடமும் அவர் முழுதாகச் சொல்லவில்லை. கருணைக்கிழங்கு தின்றார், மோர் குடித்தார், நெய்யாற்றின்கரையில் யாரோ கொடுத்த பொடியைத் தின்றார். சபையில் ஜெபத்துக்குக் கேட்டபோதும் “ஒரு சுகவீனம்” என்று மட்டும்தான் சொன்னார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குடலில் தொடங்கிய புற்று ஈரல் வரைக்கும் போயிருந்தது. ஐம்பது வயதை அவர் பார்க்கவில்லை. அடுத்த அறுப்பில் மைக் என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஏலத்தை ஆரம்பித்தார்.

அண்ணனைப் பார்த்த டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார், கூடப் பிறந்தவர்களும் குடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று. இவர் அதைத் தலையாட்டிக் கேட்டார். வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரச்சீனி நடப் போனார்.

நான் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். ஒன்றை இரண்டாம் முறை சொல்ல எனக்குப் பிடிக்காது. இந்த ஒரு காரியத்தை மட்டும் வருஷக்கணக்காகச் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது. அவர் கழிவறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தால் கதவுக்கு வெளியே நின்று காது கொடுப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து ஒரு பெண்பிள்ளைக்கு இது ஒரு வேலையா என்று எனக்கே கோபம் வரும்.

என் முட்டுவலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போன ஒருநாள், அங்கிருந்த சின்ன வயது டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், தமிழிலேயே பேசினார். ஒரு விரல் நீளத்தில் ஒரு குப்பி தந்தார். மூடியில் ஒரு சின்னக் குச்சி. குடலுக்குள் சில பேருக்குச் சின்ன முளைகள் வளரும், அவற்றில் சிலது வருஷக்கணக்கில் மெல்ல மாறிப் புற்றாகும் என்றார். அதற்கு முன்னாலேயே அந்த முளையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ரத்தம் கசியும். ரத்தத்தைச் சிவப்பாக்குகிற புரதம் மலத்தில் இருக்கிறதா என்று இந்தக் குப்பியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். குச்சியால் நாலு இடத்தில் தொட்டு, குப்பிக்குள் போட்டு மூடி, பிரிட்ஜில் வைத்திருந்து கொண்டுவந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து குப்பியை மேசைமேல் வைத்தேன்.

“இது என்னவாக்கும்?” என்றார்.

சொன்னேன்.

“எனக்க காரியத்த இன்னொருத்தன் குச்சி வச்சுக் குத்திப் பாக்கவேண்டிய அவசியம் ஒண்ணும் இல்ல.”

“குத்தப் போறது நீங்க. அவங்க மிஷினில வைப்பாங்க.”

“பிரிட்ஜிலயா வைக்கணும்? நீ மீன் வைக்கிய பிரிட்ஜிலயா?”

“மீன் தட்டுல இல்ல. முட்டை வைக்கிய எடத்துல வைக்கலாம்.”

அவர் குப்பியை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மறுநாள் முதல் நான் மீன் வாங்குவதை நிறுத்தினேன். பூவாரிலிருந்து வருகிற மீன்காரி வாசலில் கூவிவிட்டுப் போவாள், நான் கதவைத் திறக்க மாட்டேன். குப்பி நிறைந்தால் சட்டி நிறையும் என்று சொல்லிவிட்டேன். அவர் பருப்பும் பயறும் தின்று பார்த்தார். சபையில் யாரோ அவர் மெலிந்துவிட்டார் என்றதும் நான் பதறினேன், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அறுப்புக்கு இரண்டு நாள் முன்னால், மூடின பொதிக்காக மீன் ஊறுகாய் போட்டேன். நல்லெண்ணெயில் மீன் பொரிகிற வாசம் வீடு முழுக்கப் பரவியது. ஒரு துண்டு கேட்டார். சபைக்கு உள்ளது என்றேன்.

சனிக்கிழமை காலையில் குப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பேசினால் கெட்டுவிடும். நெய்மீன் வாங்கிப் புளி வைத்துக் குழம்பு வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தின்றார். குப்பியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, “வைக்க வேண்டிய எடத்துல வச்சாச்சு, திங்கக்கிழமை நானே கொண்டு போவேன்” என்றார். அதற்குமேல் நான் துருவவில்லை. துருவியிருக்க வேண்டும்.

அவர் செய்தது இது. குப்பியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதைப் பழைய பிஸ்கட் டின்னில் வைத்து, சுற்றிலும் செய்தித்தாளைத் திணித்திருக்கிறார். அதுவும் போதாது என்று, பஸ்ஸில் யாராவது கேட்டால் பரிசுப் பொருள் என்று சொல்லத் தோதாக, வெளியே பேப்பர் சுற்றியிருக்கிறார். எந்தப் பேப்பர் என்றால், முந்தின நாள் நான் ஊறுகாய்ப் பாட்டிலைச் சுற்றிவிட்டு மிச்சம் வைத்திருந்த பச்சைக்கிளிப் படம் போட்ட பேப்பர். சுற்றி, பிரிட்ஜில் என் பொதிக்கு மேல்தட்டில் வைத்துவிட்டு, ஞாயிறு விடிந்ததும் பந்தல் வேலைக்குப் போய்விட்டார்.

பெண்கள் சங்கத்துச் செயலாளர் வீடு வீடாகப் பொதி சேகரித்துக்கொண்டு வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, பொதி எங்க இருக்கு?”

“பிரிட்ஜில உண்டு பிள்ளே, கிளிப் பேப்பர் சுத்தினது. எடுத்துட்டுப் போ.”

அவள் மேல்தட்டில் கண்ணுக்கு முதலில் பட்டதை எடுத்துக்கொண்டு போனாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. வழியில் நாலு பேரிடம் “டீச்சருக்க மீன் ஊறுகாயாக்கும்” என்று சொன்னதைத் தவிர.

ஆராதனையில் எல்லாப் பொருளையும் பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் போதகரை அச்சன் என்றுதான் கூப்பிடுவோம். அச்சன் கைகளை விரித்து, இந்த முதற்பலன்களை ஏற்றுக்கொள்ளும் என்று ஜெபித்தார். நானும் ஆமென் சொன்னேன்.

ஏலம் தொடங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. குலைகள் போயின, சேவல் போயிற்று, ஒரு ஆட்டுக்குட்டி நல்ல விலைக்குப் போயிற்று. என் வீட்டுக்காரர் தொண்டை சூடாகி நல்ல உற்சாகத்தில் இருந்தார். மூடின பொதிகள் வந்தன. ஒன்றில் பிளாஸ்க் இருந்தது, இன்னொன்றில் பழைய செருப்பு. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த பொதியைக் குனிந்து எடுத்து, தலைக்கு மேல் உயர்த்தி, “இதா ஒரு பொதி, கனம் இல்ல, ஆனா” என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக் கிளிதான் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் ஊறுகாய்ப் பாட்டிலுக்குக் கனம் உண்டு. அவர் பொதியைப் பார்த்தார், அதை ஒட்டியிருந்த ஒழுங்கில்லாத செலோடேப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் கையில் இருந்த விசிறி கீழே விழுந்தது.

“ஆனா என்ன அண்ணாச்சி? ஏலத்தப் போடும்,” என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். அவர் எங்கள் சபையில் பிறந்து வளர்ந்தவர், இப்போது பூவாரில் உல்லாசப் பயணிகளுக்குப் படகு ஓட்டிப் பணக்காரர் ஆனவர். எங்கள் ஊரில் படகைப் போட்டு என்போம், அதனால் அவர் போட்டுக்காரர். அறுப்பில் கேட்டதை விடமாட்டார் என்று பெயர். போன வருஷம் என் ஊறுகாயை ஏலத்தில் எடுத்தவரும் அவர்தான்.

“இது... இது கொஞ்சம் நசுங்கியிருக்கு. மாத்தி வைக்கலாம்,” என்றார் என் வீட்டுக்காரர்.

“படைச்சத மாத்தி வைக்கக் கூடாதுல்லா?” என்றார் அச்சன், மிகவும் அன்பாக.

போட்டுக்காரர் ஒரு கோழி விலையில் ஆரம்பித்தார். நான் எழுந்து நின்று அதற்கு மேல் கேட்டேன். பெண்கள் வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. எங்கள் சபையில் தன் பொதியைத் தானே கேட்கிறவர்கள் இல்லை. பக்கத்தில் இருந்தவள் என் சேலையைப் பிடித்து, “டீச்சரே, அது நம்ம பொதியாக்கும்” என்றாள். தெரியும் என்றேன். போட்டுக்காரர் இன்னும் கூட்டினார். நான் இன்னும் கூட்டினேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல ஊறுகாயா என்று நினைத்திருப்பார். விலை ஆட்டுக்குட்டியைத் தாண்டியது.

“ஒரு தரம்,” என்றார் என் வீட்டுக்காரர், போட்டுக்காரர் கேட்ட விலைக்கு. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார். “ரெண்டு தரம்,” என்று இழுத்தார். அந்த ரெண்டை அவர் இழுத்த இழுப்பில் ஒரு ஞானப்பாட்டின் இரண்டு சரணத்தைப் பாடி முடித்திருக்கலாம். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பந்தல் கால் ஆடுகிறது, யாராவது பாருங்கள் என்றார். நான் கன்றுக்குட்டி விலைக்குப் பக்கத்தில் ஒன்றைச் சொன்னேன். என் வாய் மூடவில்லை, அதற்குள் அவர் “ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்” என்று ஒரே மூச்சில் சொல்லிப் பொதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

போட்டுக்காரர் எழுந்துவிட்டார். “இது என்ன நியாயம் அண்ணாச்சி? நான் கேக்கதுக்கு வாயத் தொறக்கல்ல, அதுக்குள்ள மூணு தரமா? உமக்க பெண்டாட்டிண்ணா வேற கணக்கா?”

இவரைப் பற்றி அதுவரை யாரும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. ஏலத்தில் சொந்தம் பந்தம் பார்க்காதவர் என்பதில் அவருக்குப் பெரிய கர்வம் உண்டு. அவர் தலை குனிந்து நின்றார், ஆனால் கக்கத்தைத் தளர்த்தவில்லை. அச்சன் எழுந்து, “செரி, சண்டை வேண்டாம். டீச்சர் வந்து பொதியப் பிரிக்கட்டு, எல்லாரும் பாத்துச் சந்தோஷப்படுவோம்” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. மேடைக்குப் போய், “அச்சோ, இது ஒரு பொருத்தனையாக்கும். வீட்டுல வச்சு ஜெபம் பண்ணித்தான் தொறப்பேன்னு நேர்ந்திருக்கு” என்றேன். பொருத்தனை என்றால் அச்சன் என்ன செய்ய முடியும்? அவர் பொதியின் மேல் கை வைத்து இன்னொரு தரம் ஜெபித்தார். என் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் பொதியை மறுபடி பிரிட்ஜில் வைத்தார். பிறகு நான்தான் முதலில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது” என்று மட்டும் சொன்னார். பிரிட்ஜில் பத்திரமாக இருந்த அசல் ஊறுகாயைப் போட்டுக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவருடைய கோபம் பாதி தணிந்ததாகக் கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை இருவரும் காரக்கோணம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குப்பி பிரிட்ஜிலேயே இருந்ததா என்று லேபில் இருந்த பெண் மலையாளத்தில் கேட்டாள். “சாரே, இது ஃப்ரிட்ஜில் தன்னெயாணோ இருந்நது?”

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “இடைக்கு பள்ளியில் ஒந்நு போயி” என்றார். மலையாளத்தில் சர்ச்சுக்குப் பள்ளி என்பார்கள். நடுவில் ஒரு தடவை சர்ச்சுக்குப் போய்வந்தது என்று அர்த்தம்.

அவள் குப்பியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடைசியில் நியாயம் கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள். வெயிலில் கிடந்தால் அந்தப் புரதம் சிதைந்துவிடும், ரத்தம் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும், அதனால் இது ஆகாது என்றாள். புதிய குப்பி ஒன்றை நீட்டினாள்.

வாசலுக்கு வந்ததும் இவருக்கு முகம் தெளிந்துவிட்டது. “பாத்தியா. இது தேவ சித்தமாக்கும். படைச்சாச்சு, ஜெபிச்சாச்சு, இனி ஒருக்கா வேண்டாம்ணு அர்த்தம்.”

கன்றுக்குட்டி விலை கொடுத்தவள் நான். பஸ் ஸ்டாப்பிலேயே சொல்லிவிட்டேன். “நாளைக்குள்ள இந்தக் குப்பி நெறயல்லண்ணா, போட்டுக்காரர் வீட்டுக்கு நடந்து போயி, அண்ணைக்கு அவரு எதுக்கு அடிபிடிச்சு ஏலம் கேட்டாருண்ணு வெவரமா சொல்லிட்டு வருவேன்.”

“நீ சொல்ல மாட்ட.”

“டீச்சர்மாரு சொன்னதச் செய்வோம்.”

மறுநாள் குப்பி நிறைந்தது. இந்த முறை நான் அதை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

முடிவு வந்தது. ரத்தத்தின் புரதம் இருந்தது. அதனாலேயே புற்று என்று அர்த்தமில்லை, ஆனால் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். இவருக்கு அண்ணன் ஞாபகம் வந்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த அடக்கம்தான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

குடலைச் சுத்தம் செய்ய, உப்பும் புளிப்புமாக ஒரு மருந்துத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கச் சொன்னார்கள். அன்று பகல் முழுவதும் அவருக்கும் கழிவறைக்கும் நடுவில் யாரும் நிற்கத் துணியவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மயக்கி உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே பைபிளில் உள்ள சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் மறந்து மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். நர்ஸ் பெண் வெளியே வந்து சிரித்துக்கொண்டே, “ஆன்ட்டி, அங்கிளு ஏலம் விளிக்குந்ந ஆளாணோ?” என்று கேட்டாள், ஏலம் போடுகிறவரா என்று. மயக்கத்திலும் ரெண்டு தரத்தில் நின்றுகொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

உள்ளே காம்போடு கூடிய காளான் மாதிரி ஒரு முளை இருந்தது. அதை அடியோடு வெட்டி எடுத்துவிட்டார்கள். டாக்டர் படத்தைக் காட்டினார். இதை மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டுப் பார்ப்போம் என்றார். செல்கள் பெருகும்போது பிழை வந்தால் திருத்துவதற்கென்று நம் உடம்பில் சில புரதங்கள் உண்டாம். அதில் நாலு முக்கியம். புரதம் இருந்தால் அந்த இடத்தில் தவிட்டு நிறம் ஏறும். ஒன்று காணாமல் போயிருந்தால் ஏறாது. அப்படியென்றால் இது பிறப்பிலேயே குடும்பத்தில் வருகிற கோளாறாக இருக்கலாம், பிள்ளைகளையும் சீக்கிரம் சோதிக்க வேண்டும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பரீட்சைப் பேப்பர் திருத்தியவள். திருத்துகிறவர் லீவு போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அண்ணனுக்கு இரண்டு மகன்கள். அந்த மூன்று பேரின் போட்டோவும் எங்கள் வீட்டுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. ரிப்போர்ட் வரும்வரை இவர் அந்தச் சுவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெபம்கூட மெல்லத்தான் பண்ணினார். பக்கத்து வீட்டுக்காரி வந்து அண்ணாச்சி ஊரில் இல்லையா என்று கேட்டாள். தினமும் இரண்டு முட்டை அவிக்கச் சொன்னார். முட்டையில் உள்ள புரதம் வேறு, இது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். “கெடக்கட்டு. கொஞ்சம் கூடுதல் இருந்தா தப்பில்லல்லா” என்றார்.

நாலு புரதமும் இருந்தன. அண்ணன் சின்ன வயதில் போனதால் அவர் பிள்ளைகளும் எங்கள் மகளும் காலாகாலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வெட்டின இடத்தின் அடி சுத்தமாக இருந்தது. “ஆனா முளை அவ்வளவு நல்ல பிள்ளை இல்ல. புற்றா மாறுறதுக்கு முந்தின படியில நிண்ணுது. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தா வேற கதை” என்றார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். அவர் பக்கத்தில் நின்று என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு சபையில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோம். காணிக்கை போடுகிறவர் முன்னால் போய் இரண்டு வார்த்தை சாட்சி சொல்ல வேண்டும். ஒரு சுகவீனத்திலிருந்து விடுதலை என்று மட்டும் சொன்னால் போதும் என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். அவரும் அதற்குத்தான் போனார்.

“எனக்கு ஒரு சுகவீனம்” என்று ஆரம்பித்தார். நிறுத்தினார்.

“எனக்க அண்ணனும் இதே எடத்துல நிண்ணு ஒரு சுகவீனம்ணுதான் சொன்னான். நாம எல்லாரும் ஜெபிச்சோம். எதுக்கு ஜெபிக்கியோம்ணு நமக்குத் தெரியாது. அதனால நான் வெவரமா சொல்லுகேன்.”

சொன்னார். குப்பி, குச்சி, பிஸ்கட் டின், கிளிப் பேப்பர், ஏலம், பொருத்தனை, ஒன்றையும் விடவில்லை. அந்தத் தொண்டையில். ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். நான் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். பிறகு பெண்கள் பக்கத்தில் யாரோ பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. தான் கை வைத்து ஜெபித்தது எதை என்று புரிந்ததும் அச்சன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கடைசியில் அவரும் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். முன்வரிசையில் போட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தீர்ந்தது, இனி ஆயுசுக்கும் பகை என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின் போட்டுக்காரர் எங்களிடம் வந்தார்.

“டீச்சரே, பெறகு எனக்குத் தந்தனுப்பினது?”

“அது ஊறுகாய்தான்,” என்றேன்.

“நல்லா இருந்து,” என்றார். பிறகும் போகவில்லை. காரின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். “அண்ணாச்சி, எனக்கும் கொஞ்ச நாளா ரத்தம் உண்டு. மூலமாக்கும்ணு நெனச்சு இருந்தேன்.”

இவர் அவர் பக்கத்தில் நெருங்கி நின்றார்.

“இப்பம் போட்டுக்கு நல்ல சீசன். அது கழியட்டு. கழிஞ்ச ஒடனே ஒருநாள் போயிக் காட்டுகேன்.”

“எனக்க அண்ணனும் இதத்தான் சொன்னான்,” என்றார் என் வீட்டுக்காரர். அவர் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை. “அறுப்பு கழியட்டுண்ணு சொன்னான். எங்கிட்ட மட்டுந்தான் சொன்னான். நானும் செரிண்ணு சொன்னேன்.”

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. வயிற்றைப் பற்றி அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கம் என்று நினைத்து அவரை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்.

“நாளைக்குக் காலம்பற நான் பூவாருக்கு வாறேன். ரெண்டுபேரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம்,” என்றார்.

“போட்டு கெடக்குதே அண்ணாச்சி.”

“கெடக்கட்டு.”

மறுநாள் காலையில் அவர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது, பஸ்ஸில் வாசிக்க ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அலமாரியில் கொஞ்சம் கிளிப் பேப்பர் மிச்சமிருந்தது. திரும்பி வரும்போது போட்டுக்காரருடைய குப்பிக்குச் சுற்ற வேண்டியிருக்கும் என்று அதை நீட்டினேன்.

“அதுக்கு இனி பேப்பர் வேண்டாம்டி,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.